தோற்றுக்கொண்டே இருக்கும் கல்லூரி ஃபுட்பால் அணியை என்னதான் செய்வது?

வாசகர் கேள்வி, 2025 செப்டம்பர் 2

நான் படித்த கல்லூரியின் ஃபுட்பால் அணி (அமெரிக்க முட்டைப் பந்து, மெஸ்ஸி ஆடுவது இல்லை) நான் சேர்ந்த வருடத்திலிருந்து உருப்படியாக ஒரு சீசன் ஆடியதில்லை. நேற்று இரவு நார்த் கரோலினா அணி பில் பெலிசிக்கைக் கோச்சாக வைத்துக்கொண்டு டிசியூவிடம் (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 48-14 என்று அடி வாங்கியதைப் பார்த்தேன். தொழில்முறை ஃபுட்பாலின் பெரிய கோப்பையான சூப்பர் பவுலை ஆறு முறை ஜெயித்தவருக்கே இந்த கதி. நேர்வழி வேலைக்கு ஆகாது, கோணல் வழிதான் என்று தோன்றுகிறது. யாருக்காவது தெரிந்த கோணல் வழிகள் உண்டா?

செப்டம்பர் 3

பெலிசிக் கதையை ஒரே ஆட்டத்தில் முடித்துவிட வேண்டாம். 73 வயதுக்காரர், வருடத்துக்கு ஒரு கோடி டாலர் சம்பளம். பார்க்கலாம். ஆனால் பெரிய பெயரைக் கொண்டுவருவதை நான் கோணல் வழி என்று சொல்லமாட்டேன். பணம் இருக்கிறவன் எல்லாரும் முதலில் யோசிப்பது அதைத்தானே.

எனக்கு இந்த விளையாட்டு அறிமுகமானதே ஒரு தோற்ற அணி வழியாகத்தான். 1988 ஆகஸ்டில் கோவை விவசாயக் கல்லூரியிலிருந்து கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஊர் பெயர் மன்ஹாட்டன். வீட்டில் எல்லாரும் நியூயார்க் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். இது கோதுமை மன்ஹாட்டன். அந்த சீசனில் 11 ஆட்டம், 11 தோல்வி. அதற்கு முந்தைய வருடம் 10 தோல்வி, ஒரு டிரா. அந்த டிராவும் எங்களைப் போலவே உருப்படாமல் கிடந்த கான்சஸ் பல்கலைக்கழகத்தோடு. அமெரிக்கப் பெரிய கல்லூரிகளிலேயே 500 தோல்வியைத் தொட்ட முதல் அணி நாங்கள். 1989இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை எங்களைக் கேலி செய்து நீளமாக ஒரு கட்டுரையே போட்டது. லேப் கதவில் யாரோ அதை ஒட்டிவைத்திருந்தார்கள்.

அந்த வருடம் பில் ஸ்னைடர் வந்தார். அவருடைய முதல் வெற்றி 1989 செப்டம்பர் 30, நார்த் டெக்சாஸுக்கு எதிராக, 20-17, கடைசி நொடியில் எறிந்த டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது). மூன்று வருடத்தில் முதல் வெற்றி. நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் புல்லரிக்கும்.

அவர் செய்த கோணல் வேலைகளைப் பிறகு எழுதுகிறேன். இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

செப்டம்பர் 4

பின்க் அறையைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், உண்மைதான். அயோவா கோச் ஹேடன் ஃப்ரை, வெளியூர் அணி உடை மாற்றும் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்துவிட்டார். மனோதத்துவம் படித்தவர்; அந்த நிறம் ஆளைச் சாந்தப்படுத்தும் என்பது அவர் கட்சி. தன் அணிக்கு, அந்தக் காலத்தில் ஜெயித்துக்கொண்டிருந்த தொழில்முறை அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் உடையைப் போலவே உடை தைத்துப் போட்டார். 1979இல் வந்தவர் 1981 சீசனிலேயே ரோஸ் பவுலுக்கு (சீசன் முடிவில் நல்ல அணிகள் மோதும் பெரிய ஆட்டம்) கூட்டிப்போனார். அயோவாவுக்கு அதற்கு முன்னால் நல்ல சீசன் என்று ஒன்று இருந்தது 1961இல்.

பெயின்ட் அடித்ததால் ஜெயித்தார்களா? இல்லை. ஆனால் உள்ளே வரும் எதிரணி கோச் "இந்தச் சுவரை மறைங்கடா" என்று கத்தினால், அந்த ஐந்து நிமிடம் ஃப்ரைக்கு லாபம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்னைடர் அந்த ஃப்ரையிடம் வேலை பார்த்தவர். மன்ஹாட்டனுக்கு வந்ததும் அவரும் முதலில் மாற்றியவற்றில் ஒன்று சின்னம். பழைய பூனைப் படத்தைத் தூக்கிவிட்டு, எங்கள் பல்கலைக்கழக ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் புதிது வரையச் சொன்னார். இன்று கான்சஸ் நெடுஞ்சாலையில் பாதி பிக்கப் வண்டியின் பின்னால் ஒட்டியிருப்பது அதுதான்.

செப்டம்பர் 9

கோணல் வழி என்று கேட்டால் என் முதல் வோட்டு டிரிபிள் ஆப்ஷனுக்கு.

தெரியாதவர்களுக்காக: சாதாரணமாக, பந்தோடு ஓடுகிறவனுக்கு வழிவிட, எதிரணியில் ஒவ்வொருவனையும் நம் ஆள் ஒருவன் முட்டித் தள்ள வேண்டும். நம் ஆட்கள் மெலிந்தவர்கள் என்றால் தள்ள முடியாது. ஆப்ஷனில் எதிரணியின் மிகப் பலசாலி ஒருவனை வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன்) அவனையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் உள்ளே பாய்ந்தால் பந்து வெளியே போகும். வெளியே வந்தால் பந்து உள்ளே போகும். அவன் எதைச் செய்தாலும் தப்பு. அடுத்தவனையும் அதேபோல விட்டுவிட்டு, பந்தைப் பக்கத்தில் ஓடி வருகிறவனுக்குத் தட்டிவிடலாம். இரண்டு பலசாலிகளை முட்டாமலே கழித்தாயிற்று. மிச்சம் இருப்பவர்களை இரண்டு இரண்டு பேராக முட்டலாம். சடுகுடு பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒரே நாளில் புரிந்தது. அமெரிக்க நண்பர்களுக்குத்தான் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

நேவி அணி 2001இல் 10 ஆட்டமும் தோற்றது. அங்கே படிக்கிறவர்கள் கடற்படை அதிகாரி ஆகப் போகிறவர்கள்; 140 கிலோ ஆசாமிகளைச் சேர்த்துக்கொள்ள முடியாது. பால் ஜான்சன் 2002இல் வந்தார். முதல் வருடம் 2 வெற்றி, அடுத்த வருடம் 8. 2007இல் நோட்டர் டேமை 46-44 என்று வீழ்த்தினார்கள். அதற்கு முன்னால் அந்த அணியிடம் தொடர்ந்து 43 தோல்வி.

இதில் இரண்டாவது லாபமும் உண்டு. எதிரணி வருடத்துக்கு ஒரு வாரம்தான் இதைப் பார்க்கும். தயாராக நாலு நாள் பயிற்சி. அதற்குள் பழகாது.

செப்டம்பர் 10

ஜான்சன் இதை எங்கே பழகினார் என்று கேட்ட தம்பிக்கு: ஜார்ஜியா சதர்ன், ஸ்டேட்ஸ்பரோ ஊர். இரண்டாம் உலகப் போரோடு ஃபுட்பாலை நிறுத்திவிட்ட கல்லூரி. 1981இல் எர்க் ரஸ்ஸல் என்பவரைக் கூப்பிட்டு மறுபடி தொடங்கினார்கள். கையில் பந்துகூட இல்லை. ஊர்க் கேமார்ட் கடையில் வாங்கினார்கள். மைதானத்துக்குப் போக மஞ்சள் ஸ்கூல் பஸ். பயிற்சித் திடல் ஓரமாக ஒரு சாக்கடை ஓடும். ரஸ்ஸல் அதற்கு "அழகிய ஈகிள் ஓடை" என்று பெயர் வைத்தார். 1985 இறுதி ஆட்டம் நாட்டின் மறுகோடியில், டகோமாவில். அந்த ஓடைத் தண்ணீரை ஒரு குடுவையில் எடுத்துப்போய் அங்கே தரையில் தெளித்தார். 44-42, கோப்பை.

காசில்லாமல் வாங்கிய மொட்டை நீல ஹெல்மெட், மஞ்சள் பஸ் இரண்டையும் பிற்பாடு காசு வந்த பிறகும் அவர்கள் மாற்றவில்லை. நம் ஊரில் தீர்த்தம் கொண்டுபோகாமல் எந்தக் காரியம் நடக்கிறது?

செப்டம்பர் 14

"நான்காவது டவுனில் பந்தை உதைத்துக் கொடுக்கவே கூடாது. கணக்குப் போட்டால் அதுதான் சரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நாலாவதில் முடியாது என்று பயந்தால் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட்.) கணக்கு சரிதான். பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் இருபது வருடம் முன்பே போட்டுக் காட்டிவிட்டார்: கோச்சுகள் தேவைக்கு மேல் பயந்து உதைக்கிறார்கள்.

ஆனால் கெவின் கெல்லியை மறக்கக் கூடாது. ஆர்கன்சாவில் ஒரு பள்ளிக்கூட அணியை வைத்துக்கொண்டு பன்ட் அடிப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டு, மொத்தம் ஒன்பது மாநிலக் கோப்பை ஜெயித்தவர். 2021இல் சவுத் கரோலினாவின் பிரெஸ்பிட்டேரியன் கல்லூரி அவரைக் கோச்சாக எடுத்தது. முதல் ஆட்டம் 84-43, குவார்ட்டர்பேக் மட்டும் பத்து டச் டவுன் எறிந்தார். இரண்டாவது 68-3. நாடே பேசியது. அப்புறம் ஒன்பது ஆட்டம் வரிசையாகத் தோல்வி, அதில் ஒன்று 72-0. ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டார்.

பள்ளியில் அவர் கையில் நல்ல பிள்ளைகள் இருந்தார்கள். தந்திரம் அவர்களை மேலும் நல்லவர்களாகக் காட்டியது. கல்லூரியில் எதிரில் நின்றவன் இவர்களைவிட வலுவானவன். நான்காவது டவுனில் மூன்று கெஜம் வேண்டும் என்றால் அந்த மூன்று கெஜம் கிடைக்கவில்லை. ஆப்ஷன் பலவீனத்தை மறைக்கும். இது பலவீனத்தைத் திறந்து காட்டும். நேற்று வரை இரண்டையும் ஒரே கூடையில் போட்டுத்தான் நானும் பேசிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 21

நேற்று இண்டியானா 63, இல்லினாய் 10.

இண்டியானாவின் 2024 சீசனைப் பற்றி இங்கே வேறொரு இடத்தில் நான் கொஞ்சம் இளக்காரமாக எழுதியதை ஒருவர் தோண்டி எடுத்துப் போட்டிருக்கிறார். நன்றி. ஆமாம், 11 வெற்றி வந்தது நோஞ்சான் எதிரணிகள் நிறைந்த அட்டவணையால் என்றுதான் எழுதினேன். நல்ல அணிகள் இரண்டு எதிரே வந்தபோது, ஓஹையோ ஸ்டேட் 38-15, நோட்டர் டேம் 27-17 என்று தோற்றார்கள். என் கருத்தில் மாற்றமில்லை. இல்லினாய் ஒரு நாள் தூங்கிவிட்டது.

அக்டோபர் 1

ஒரு திருத்தம். கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மன்ஹாட்டனில் என்னோடு லேபில் இருந்த ஈரோட்டுக்காரர் இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று போன் செய்தார். "ஏப்பா, புல்லரிச்சுதுன்னு எழுதியிருக்கியே, எங்கே பார்த்தே? மூணாவது குவார்ட்டர்லயே பசிக்குதுன்னு கெளம்பிட்டே. நான்தான் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்." மறுத்துப் பார்த்தேன். "லேப் ரேடியோவுல கேட்டுட்டு ஓடி வந்து என்னைத்தான் கேட்டே, யாரு புடிச்சாங்கன்னு" என்றார். அப்போதுதான் மாவு அரைக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவே ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. 36 வருடமாக நான் ஸ்டேடியத்தில் இருந்ததாகவே நம்பியிருக்கிறேன். என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு விருந்தில் நடித்தே காட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் ஞாபகப்படுத்தினார். அந்த நார்த் டெக்சாஸ் அணி எங்கள் பிரிவே இல்லை, ஒரு படி கீழே ஆடியவர்கள். அவர்களை ஜெயிக்கவே கடைசி நொடி வரை போக வேண்டியிருந்தது. அந்த சீசன் 1 வெற்றி, 10 தோல்வி. என் கதையில் அந்த 10 எப்போதோ காணாமல் போய்விட்டது.

அக்டோபர் 2

சரி, ஸ்னைடர் என்னதான் செய்தார் என்று கடனை அடைத்துவிடுகிறேன்.

ஒன்று, எளிதான எதிரிகளை அட்டவணையில் போட்டார். லீக் ஆட்டங்களை மாற்ற முடியாது. லீக்குக்கு வெளியே உள்ள ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து வைத்தார். பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்தே பழகாத பையன்களுக்கு ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும். டிக்கெட் வாங்குகிறவனுக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று, ஜூனியர் காலேஜ். இரண்டு வருடப் படிப்பு மட்டும் உள்ள சின்னக் கல்லூரிகள். கான்சஸ் முழுக்க உண்டு, அங்கெல்லாம் ஃபுட்பால் உக்கிரமாக நடக்கும். மார்க் இல்லாதவன், பெரிய கல்லூரி கண்ணில் படாதவன், ஏதோ வம்பில் மாட்டினவன் எல்லாரும் அங்கே ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரிய கல்லூரிகள் பதினெட்டு வயதுப் பையன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்க, ஸ்னைடர் இருபது வயதுக்காரனை அழைத்துவந்தார். உடம்பு முற்றினவன், இரண்டு வருடம் நிஜமாக ஆடினவன். 1998இல் 11 ஆட்டம் தோற்காமல் போனபோது குவார்ட்டர்பேக்காக இருந்த மைக்கேல் பிஷப், டெக்சாஸில் பிளின் என்கிற ஜூனியர் காலேஜிலிருந்து வந்தவர்.

5, 7, 5, 9 வெற்றி. 1990 முதல் 1993 வரை கணக்கு அது. யாரும் அவசரப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு முதல் வருடம் ஒரு வெற்றி எடுத்தவரை ஊர் விட்டுவைக்குமா?

நோஞ்சான் அட்டவணைக்கு இண்டியானாவைத் திட்டிவிட்டு அதையே ஸ்னைடருக்குப் பெருமையாக எழுதுகிறேன் என்று உங்களில் யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 12

இண்டியானா 30, ஆரிகன் 20. ஆரிகன் மைதானத்திலேயே.

நான் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 12, இரவு

இண்டியானா கோச் கர்ட் சிக்னெட்டி விவரங்களை இன்று உட்கார்ந்து படித்தேன். கல்லூரி ஃபுட்பாலின் பெரிய அணியான அலபாமாவில், தலைமைக் கோச் நிக் சேபனிடம் உதவிக் கோச். 2011இல் அதை விட்டுவிட்டுச் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். அதன் பெயர் இண்டியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா. இந்த இண்டியானா இல்லை. அது பென்சில்வேனியாவில் இண்டியானா என்ற ஊர். (என் அம்மாவிடம் இதை விளக்கப் போய், "அங்கே இந்தியாக்காரங்கதான் ஆடறாங்களா" என்று கேட்டுவிட்டார்.) அப்புறம் ஈலான், ஜேம்ஸ் மேடிசன், 2023 கடைசியில் நிஜ இண்டியானா. அந்த நாளில் அமெரிக்காவிலேயே அதிகம் தோற்ற பெரிய கல்லூரி அணி அதுதான். எங்கள் கான்சஸ் ஸ்டேட்டின் பழைய நாற்காலி.

அவர் செய்தது என்ன? ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேரைக் கூடவே கூட்டிவந்தார். மற்ற சின்னக் கல்லூரிகளிலிருந்து, மூன்று நான்கு வருடம் ஆடித் தேறின ஆட்களை எடுத்தார். உயரம் எவ்வளவு, பள்ளியில் ஆடியபோது மதிப்பீட்டில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கவில்லை. ஆட்டத்தில் என்ன செய்தான் என்று பார்த்தார். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) 2018இல் வந்தது. மாறினால் ஆட ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2021இல் போனது. இப்போதுதான் மண்டையில் உறைக்கிறது: இது ஸ்னைடரின் ஜூனியர் காலேஜ் வேலையேதான், கதவு பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். வாண்டர்பில்ட்டும் இதைத்தான் செய்தது. 2023இல் 2 வெற்றி. அடுத்த வருடம் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து டியேகோ பவியா வந்தார், அவரும் ஜூனியர் காலேஜில் தொடங்கியவர். அலபாமாவை 40-35 என்று சாய்த்தார்கள். ஊர் ஜனம் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிப்போய் ஆற்றில் போட்டது.

செப்டம்பர் 21 குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

அக்டோபர் 19

பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பள்ளிக் கடைசி வருடத்தில் ஒரு கல்லூரி அவனுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அவன் அப்பா தொப்பிகூட வாங்கிவிட்டார். பிறகு ஒரு நாள் போன்: அந்த இடத்துக்குப் போர்ட்டலில் 22 வயதுக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டார், மன்னிக்கவும். அவன் இப்போது மேல்படிப்பு எதுவுமில்லாமல் டயர் கடையில் வேலை செய்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், என் கார் டயரை அவன்தான் மாற்றினான். நான் போன வாரம் ஆஹா ஓஹோ என்று எழுதின வழியில் ஒவ்வொரு முற்றின ஆளுக்கும் ஒரு பிஞ்சு வெளியே நிற்கிறது. அணியைத் தூக்கி நிறுத்தும் வழி எது என்பதுதான் இங்கே கேள்வி, தெரியும். இருந்தாலும் டயர் கடைக்குப் போய்வந்த பிறகு அதே உற்சாகத்தோடு எழுத வரவில்லை.

அக்டோபர் 27

மூட் மாற்ற ஒன்று. டாலஸில் பால் க்வின் என்று கறுப்பின மாணவர்களுக்கான சின்னக் கல்லூரி. காசு கரைந்ததால் 2007இல் ஃபுட்பாலை நிறுத்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் நல்ல காய்கறிக் கடை கிடையாது. கல்லூரித் தலைவர் மைக்கேல் சொரெல், 2010இல் மைதானத்தை உழுது பண்ணையாக்கிவிட்டார். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கீரை. விளைந்ததை டாலஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் ஸ்டேடியச் சமையலுக்கே விற்றிருக்கிறார்கள். விவசாயம் படித்தவன் என்ற முறையில் என் ஏகமனதான ஆதரவு இதற்குத்தான். கேள்வி கேட்ட அன்பர் தன் கல்லூரிக்குச் சிபாரிசு செய்யலாம்.

டிசம்பர் 7

நார்த் கரோலினா 4 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தது. ஒரு கோடி டாலர். ஒரு ஆட்டத்தில் முடிவு கட்டாதீர்கள் என்று சொன்னேன். பன்னிரண்டு ஆகிவிட்டது, கட்டிக்கொள்ளுங்கள்.

இண்டியானா நேற்று ஓஹையோ ஸ்டேட்டை 13-10. 1967க்குப் பிறகு முதல் லீக் கோப்பை. குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து போர்ட்டலில் வந்தவர். பள்ளி முடித்தபோது யேல் போகவிருந்த ஆள்.

"பணம்தான் காரணம், இந்த வருடத்திலிருந்து கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பணம் இல்லாமல் இல்லை, பணக்காரப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த உச்சவரம்பு எல்லாருக்கும் ஒன்றுதான். அதே பணத்தில் நார்த் கரோலினா நாலு ஜெயித்தது.

2026 ஜனவரி 2

அலபாமா 3, இண்டியானா 38. ரோஸ் பவுலில். 2011இல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு கிளம்பிப்போன பழைய உதவிக் கோச். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 20

இண்டியானா 27-21. மயாமி பல்கலைக்கழகத்தை அவர்கள் சொந்த ஸ்டேடியத்திலேயே. 16 ஆட்டம், 16 வெற்றி, தேசியக் கோப்பை.

கெல்லியைக் கிண்டல் செய்தவன் என்பதால் இதையும் பதிவு செய்ய வேண்டும். நான்காவது குவார்ட்டர், நான்காவது டவுன், நான்கைந்து கெஜம் வேண்டும். சிக்னெட்டி முதலில் ஃபீல்ட் கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) உதைக்கத்தான் ஆட்களை அனுப்பினார். பிறகு டைம் அவுட் கேட்டு அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். மெண்டோசா தானே பந்தைப் பிடித்துக்கொண்டு 12 கெஜம் ஓடி, இரண்டு பேர் மேலே விழ, கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். மூன்று கெஜம் எடுக்கத் தெரிந்த ஆள் கையில் இருந்தால் ரோமர் கணக்கு செல்லும்.

ஈரோட்டுக்காரர் மூன்றாவது குவார்ட்டரில் சரியாகப் போன் செய்தார். "ஏப்பா, இருக்கியா, கெளம்பிட்டியா?" இருக்கிறேன் என்றேன். இருந்தேன்தான், ஆனால் சமையலறையில் தயிர்சாதம் பிசைந்துகொண்டு. அந்த நான்காவது டவுனுக்கு ஓடி வந்துவிட்டேன். இதற்கு என் மனைவி சாட்சி, ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது.